புதுப்பிக்கும் நாள்

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஜூன் முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. கத்திரி கழிந்து ஒரு மாதம் ஆகியும் இராமநாதபுரத்தில் வெயில் இறங்கவில்லை. காலை ஒன்பது மணிக்கே எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் வாசலில் நின்ற வேப்பமரத்தடியில் நாற்பது பேர் ஒண்டியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியாக நின்ற வீரலட்சுமி, தன் கைப்பையைத் திறந்து மூன்றாவது தடவையாகப் பார்த்தாள். கார்டு இருந்தது. முதல் தடவை பார்த்தபோதும் இருந்தது. ஆனாலும் அவளுக்குத் தன் மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

அது பன்னிரண்டு வருஷத்துக் கார்டு. ஓரம் நைந்து, மடிப்பில் செலோ டேப் ஒட்டியிருந்தது. எண்பத்து மூன்று ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி பதிந்தது. அன்றைக்கு ஒன்றாக வரிசையில் நின்ற மூன்று பெண்களுக்கும் அடுத்தடுத்த எண்கள்: 2114 குல்சும், 2115 வீரலட்சுமி, 2116 பூமயில். மூவரும் கேணிக்கரையில் மாலை நேர டைப்ரைட்டிங் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து லோயர் பரீட்சை பாஸ் செய்தவர்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் கார்டைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அதுவரை காத்திருந்த பதிவு மூப்பு போய்விடும். மறுபடி கடைசி ஆளாகச் சேர வேண்டியதுதான். எண்பத்தாறு, எண்பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு என்று மூன்று தடவையும் மூவரும் சேர்ந்தே வந்து, ஒன்றாகக் கார்டை நீட்டி, ஒன்றாக முத்திரை வாங்கி, அப்படியே சாப்பிடப் போனார்கள்.

சாப்பாடுதான் அவர்களுக்கு அந்த நாளின் விசேஷம். முதல் வருஷம் ஒரு ரோஸ்மில்க்கை மூன்று ஸ்ட்ரா போட்டுக் குடித்தார்கள். எண்பத்தாறில் அரண்மனை வாசல் பக்கம் ஓர் ஓட்டலில், 'பேமிலி ரூம்' என்று எழுதியிருந்த திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பரோட்டாவும் சால்னாவும். குல்சும் அன்றைக்குத்தான் முதல் முதலாக ஓட்டலில் சாப்பிட்டாள். வெளியே ஆண் குரல் கேட்கும்போதெல்லாம் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். அதைச் சொல்லிச் சொல்லி ஒன்பது வருஷம் சிரித்தாயிற்று.

இந்தத் தடவை ஏப்ரலில் வர முடியவில்லை. பூமயிலுக்கு அது பிரசவ மாதம். மே மாதம் குல்சும் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். இரண்டு மாதம் சலுகை உண்டு என்பதால் ஜூன் வரை தள்ளிக்கொண்டே வந்து, அந்தச் சலுகையும் இன்றோடு முடிகிறது.

வீரலட்சுமிக்கு ஆபீஸ் தூரமில்லை. அவள் தட்டச்சு வேலை பார்க்கும் பத்திர எழுத்தர் கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். ஏப்ரலிலேயே ஒரு மத்தியானம் தனியாக வந்து முத்திரை வாங்கியிருக்கலாம். வரவில்லை. அதற்குக் காரணம் எண்பத்தொன்பது. அந்த வருஷம் அவள் டைபாய்டில் படுத்தபோது மற்ற இருவரும் அவளுக்காகச் சலுகை நாள் முடியும்வரை காத்திருந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிவந்து கவுன்ட்டரில் நிறுத்தினார்கள். டாக்டர் எதுவும் தின்னக்கூடாது என்று சொல்லியிருந்ததால் மூவரும் ஆளுக்கு அரைக் கிளாஸ் நன்னாரி சர்பத்தோடு அந்த வருஷ விருந்தை முடித்துக்கொண்டார்கள். அதை அவளால் மறக்க முடியுமா?

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இப்போது டைப்பிஸ்ட் வேலைக்கு எண்பத்திரண்டு டிசம்பர் வரை பதிந்தவர்களுக்கு இன்டர்வியூ கார்டு போய்விட்டதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அவள் இரண்டு தடவை அதைப் படித்தாள். எண்பத்திரண்டு டிசம்பர் என்றால் அடுத்தது எண்பத்து மூன்று. இந்த வருஷக் கடைசியிலோ வருகிற வருஷத்திலோ தபால்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

அவளுக்கு வயது முப்பது. ஊரில் அய்யா மூக்கையாவின் மிளகாய்க் கொல்லை மூன்று வருஷமாகக் கருகிக் கிடந்தது. பேசி வந்த இரண்டு சம்பந்தமும் பேச்சோடு நின்றன. அதற்குப் பிறகு அய்யா கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. யாராவது கேட்டால், "எம் பிள்ளைக்குக் கவர்மென்ட்டு வேலை வரப்போகுதப்பா, அது வரட்டும்" என்பார். பன்னிரண்டு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதரைக்குக் குல்சும் தொண்டி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கறுப்பு புர்கா, ஒரு கையில் தூக்குச்சட்டி.

"என்னடி, தந்திக்கம்பம் கணக்கா நிக்கிறே? மூணு வருஷத்துல ஒரு சுத்துகூடப் பெருக்கலையே நீ! வட்டிலப்பம் கொண்டாந்திருக்கேன். சூட்டுல நசநசன்னு ஆகுறதுக்குள்ள திங்கணும்."

"மொதல்ல முத்திரை."

"அல்லாவே, முத்திரை எங்கடி ஓடிறப் போகுது!"

பூமயில் வர மணி பத்தேகால் ஆயிற்று. இரண்டரை மாதக் குழந்தையை வேட்டித் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, தோளில் மஞ்சள் பையோடு வந்தாள். பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் அம்மா வீட்டில்தான் இருந்தாள். குல்சும் குழந்தையைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள்.

"ஆம்பளைப் பிள்ளைக்கு என்னடி இம்புட்டு மையி? இவன் என்ன சினிமாவுக்கா போறான்?"

"எங்கம்மா வச்சது. வேணாம்னா கேக்குதா? ஆபீஸ்ல நாலு கண்ணு படும்னு கன்னத்துல ஒண்ணு, உள்ளங்கால்ல ஒண்ணு."

"இந்த ஆபீஸ்ல இவனைப் பாத்து யாருக்குப் பொறாமை வரப்போகுது? இன்னும் பதினெட்டு வருஷத்துல இவனும் இதே வரிசைக்குத்தான் வரணும்."

மூவரும் சிரித்தார்கள். வரிசையில் முன்னால் நின்ற ஒருவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பத்து ஐம்பதுக்குக் கவுன்ட்டரை எட்டினார்கள். வலைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர், ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினார். குல்சும் கார்டை எடுத்தாள். வீரலட்சுமியும் எடுத்தாள். பூமயில் மஞ்சள் பையைத் துழாவினாள். டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட் வந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்தது. குழந்தையின் தடுப்பூசி அட்டை வந்தது. அதற்குப் பிறகு பை காலியாக இருந்தது.

"கார்டு எங்கடி?"

"இதுலதான... அய்யய்யோ. அங்கன பெட்டியில இருக்கும்டி. அக்காமடத்துல, அவுக வீட்டுல. கல்யாண பத்திரிகையோட சேத்து எங்கத்தை பெட்டிக்குள்ள வச்சாக. நான் இதெல்லாம் ஒண்ணா வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு..."

கிளார்க் இப்போது தலையைத் தூக்கினார். "கார்டு இல்லாம முத்திரையை எதுலம்மா குத்த? இன்னைக்குக் கடைசி. நாலு மணிக்குக் கவுன்ட்டர் மூடுனா ரிஜிஸ்டர் மேல ஆபீசர் கையெழுத்துக்குப் போயிரும். மத்த ரெண்டு பேருதும் இருக்குல்ல? குடுங்க."

நீட்டிய கை அங்கேயே நின்றது.

பூமயிலின் கண் நிரம்பிவிட்டது. "நீங்க போடுங்கடி. என் தலையெழுத்து."

"ஏ, சும்மா இரு," என்றாள் குல்சும். அவள் தன் கார்டைப் பைக்குள் போட்டு மூடினாள். "பன்னெண்டு வருஷமா ஒண்ணாக் குத்துன சீலு. இன்னைக்கு என்ன புதுசா? மணி பதினொண்ணுதான். இந்தா, பஸ்ஸப் புடிச்சா ஒண்ணரை மணி நேரம். போயிட்டு எடுத்துட்டு ஓடியாந்துரலாம். மூணு பேரும் போவோம். பிள்ளையத் தூக்கிக்கிட்டு இவ ஒத்தையில எப்படிப் போவா?"

வீரலட்சுமியின் கார்டு கவுன்ட்டர் பலகை மேல் பாதி வரை போயிருந்தது. அதன் மேல் அவள் இரண்டு விரல் வைத்திருந்தாள். கிளார்க்கின் விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். 'என்னோடதை மட்டும் போட்டுட்டு வாரேன்டி' என்று ஒரு வாக்கியம் அவளுக்குள் முழுசாக உருவாகி நின்றது. அதைச் சொன்னால் பூமயில் முகம் என்ன ஆகும் என்று பார்த்தாள். எண்பத்தொன்பதில் இந்தக் கவுன்ட்டரில் தன்னைத் தாங்கி நின்ற கை அது. பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்து, "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார்.

அவள் கார்டை இழுத்துக்கொண்டாள்.

பதினொன்று பத்துக்கு இராமேஸ்வரம் பஸ். வீரலட்சுமி ஒரு சின்ன டயரியில் எதையும் குறித்துவைக்கிறவள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அதை எடுத்துக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு நாற்பதுக்கு அக்காள்மடம். கார்டை எடுக்கப் பத்து நிமிஷம். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால் இரண்டரைக்கு ராம்நாடு. ஒன்றரை மணி நேரம் கையில் மிச்சம். ஒரு மணி பஸ் தவறினால் இரண்டு மணி பஸ், மூன்றரைக்கு வந்துவிடலாம். அதுவும் தவறினால் என்பதற்கு அவள் எதுவும் எழுதவில்லை.

மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று வந்து அடித்தது. இரண்டு பக்கமும் கடல். குல்சும் புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்குச்சட்டியைத் திறந்து, கரண்டி இல்லாமல் விரலால் வட்டிலப்பத்தை வழித்து ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஏலமும் மணத்தன. அந்த வாய் தொண்டையில் இறங்கும்வரை வீரலட்சுமிக்குக் கடிகாரம் மறந்திருந்தது.

"பாத்தியாடி, கார்டை மறந்ததுனால நமக்கு பாம்பன் பாலம் கெடைச்சுச்சு," என்றாள் குல்சும். பூமயில் இப்போது சிரித்தாள்.

அக்காள்மடத்தில் மெயின் ரோட்டிலிருந்து நாலு எட்டில் பூமயிலின் மாமியார் வீடு. ஓலைத் தட்டி வைத்த முற்றம். சோணையம்மாள் வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள், மருமகள் கையில் துணி மூட்டையோடு வருவதைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுத்தாள்.

"நில்லு, நில்லு! அங்கனயே நில்லு! வாசப்படி மிதிச்சிராத!"

"அத்தை, கார்டு ஒண்ணு எடுக்கத்தான் வந்தேன். இந்தா போயிருவோம்."

"கார்டு எடுக்க வந்தியா? பச்சப்பிள்ளைய மொத மொதலாத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டாரா, கார்டு எடுக்க வந்தேங்கிறா! நாங்க சீர் செனத்தியோட வந்து அழைச்சாரணும்னு ஆவணியில நாள் பாத்து வச்சிருக்கோம். நீ என்னடான்னா பஸ்ஸுல வந்து எறங்குறே. ராவுகாலம் முடிஞ்சு வந்த வரைக்கும் நல்லது."

இதை மூவரில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற குல்சுமுக்கும் தோன்றவில்லை. கவுன்ட்டரில் நின்றபோது அவர்களுக்கு அது பெட்டி இருக்கும் வீடாக மட்டும்தான் தெரிந்தது. பிள்ளை முதன்முதலாகக் கால் வைக்கும் தகப்பன் வீடு என்பது, பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே மறந்துபோயிருந்தது.

ஆரத்தி கரைக்கச் சுண்ணாம்பு இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவும் வந்தாள். மூவரும் ரோட்டோரம் வெயிலில் நின்றார்கள். ஒரு மணி பஸ் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வீரலட்சுமி திரும்பிப் பார்த்தாள். உள்ளே இடம் நிறைய இருந்தது.

ஆரத்தி முடிந்து உள்ளே போனால் பெட்டி பூட்டியிருந்தது. சாவி பூமயிலின் வீட்டுக்காரன் சின்னச்சாமியிடம். அவனுக்குப் பாம்பனில் ஐஸ் கம்பெனியில் வேலை.

"நல்லதாப் போச்சு. அவனும் வந்து பிள்ளையத் தூக்கட்டும்," என்று சோணையம்மாள் பக்கத்து வீட்டுக்காரரைச் சைக்கிளில் அனுப்பினாள். அனுப்பிய கையோடு அடுப்பைப் பற்றவைத்தாள்.

சின்னச்சாமி வரும்போது மணி ஒன்று ஐம்பது. சட்டையெல்லாம் ஐஸ் தண்ணீர் நனைந்திருந்தது. குழந்தையை வாங்கத் தெரியாமல் வாங்கி, அது வீலென்று கத்தியதும் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தான்.

"ஏலே, ஐஸ் கைய வச்சுத் தூக்குனா கத்தாம என்ன செய்யும்?" என்றாள் சோணையம்மாள். வீடே சிரித்தது.

பெட்டி திறந்தது. கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கார்டு இருந்தது. பூமயில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீரலட்சுமி எழுந்து செருப்பைத் தேடினாள்.

"எங்க எந்திரிக்கிறே தாயி? எலை போட்டாச்சு."

"இல்ல அத்தை, ரெண்டு மணி பஸ்ஸு..."

"பிள்ளைய மொத மொதலா வீட்டுக்குத் தூக்கியாந்த ஆளுக பட்டினியாப் போனா அந்தப் பிள்ளைக்கு ஆகுமா? ஒரு வாய். ரெண்டு மணி போனா ரெண்டே முக்காலு. இங்கன பஸ்ஸுக்கா பஞ்சம்?"

வீரலட்சுமி பூமயிலைப் பார்த்தாள். பூமயில் குல்சுமைப் பார்த்தாள். குல்சும் ஏற்கெனவே புர்காவை மடித்து வைத்துவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு நிமிசம்டி. அள்ளிப் போட்டுட்டு ஓடிருவோம். இந்தம்மா மனசு நோகக் கூடாது."

சூடான சோறு, புளி தூக்கலாக ஊளி மீன் குழம்பு, மொறுமொறுவென்று சூடை மீன் வறுவல். காலையிலிருந்து அவள் ஒரு டீ தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. முதல் கவளத்தை அவசரமாகத்தான் வைத்தாள். பிறகு குழம்பு நாக்கில் பட்டது. இப்படி ஒரு குழம்பை அவள் ராம்நாட்டில் எந்தக் கடையிலும் தின்றதில்லை. இரண்டாம் தடவை சோணையம்மாள் சோற்றைச் சரித்தபோது அவள் கையால் மறிக்கவில்லை. பின்னால் இதை நினைக்கும்போதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. யாரும் அவளைக் கட்டிப்போட்டு ஊட்டவில்லை. இரண்டு மணி பஸ் ரோட்டில் போகும் சத்தம் கேட்டது. அப்போது அவள் சூடையின் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டே முக்கால் பஸ் இரண்டு ஐம்பத்தைந்துக்கு வந்தது. யாத்திரைக்காரர்கள் நிரம்பி வழிந்தார்கள். ஈரத் துணி மூட்டையும் தீர்த்தக் குடமுமாக நடுவழியெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றார்கள். பூமயிலுக்கு மட்டும் யாரோ இடம் கொடுத்தார்கள். வீரலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிக் கடிகாரம் பார்த்தாள். பாலத்தில் மூன்று ஐந்து. உச்சிப்புளியில் மூன்று ஐம்பது. நாலு மணி அடிக்கும்போது பஸ் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது.

"நாலுன்னா டக்குன்னு நாலுக்கா மூடுவான்? கவர்மென்ட் ஆளு, டீ குடிச்சுட்டு நாலரைக்குத்தான் மூடுவான்," என்றாள் குல்சும். காலையில் சரியாகப் பத்து மணிக்குக் கவுன்ட்டர் திறந்ததை வீரலட்சுமி பார்த்திருந்தாள்.

ஆட்டோ பிடித்து ஆபீஸ் வாசலில் இறங்கியபோது நாலு முப்பத்தைந்து. வேப்பமரத்தடியில் ஆளில்லை. நசுங்கிய பிளாஸ்டிக் கப்புகளும் நுங்குக் கோம்பைகளும் கிடந்தன. அதே கிளார்க் உள்ளே நாற்காலியை மேசை மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அண்ணே, கார்டு கொண்டாந்துட்டோம்!" குல்சும் வலை வழியாகக் கார்டை ஆட்டினாள்.

"மூடியாச்சும்மா. ரிஜிஸ்டர் மேல போயி ஆபீசர் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டாச்சு."

"ஒரே ஒரு சீலு. குத்துனா தேஞ்சா போகும்? பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு கடல் தாண்டிப் போயிட்டு வாரோம்ணே."

"சீல் குத்துறது பெரிசில்ல. ரிஜிஸ்டர்ல ஏறணுமே. கோட்டுக்குக் கீழ நான் எழுதுனா என் வேலை போயிரும்." அவர் வீரலட்சுமியைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "காலையில கையை நீட்டுனேன்ல தாயி. பலகையில வச்சிட்டுத்தான எடுத்தே?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எந்த வருஷப் பதிவு?"

"எண்பத்து மூணு சார். ஏப்ரல்."

அவர் நோட்டீஸ் போர்டு இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியைச் சரியாக வைத்தார். "திங்கக்கிழமை வாங்க. புதுசாப் பதிஞ்சு தாரேன்."

வெளியே வந்து மூவரும் மரத்தடியில் நின்றார்கள். குழந்தை பசியில் அழுதது. பூமயில் மரத்துக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே, "எல்லாம் என்னாலதான்டி. என்னாலதான்" என்றாள்.

"விடுடி," என்றாள் குல்சும். "போனாப் போகுது. கார்டு வந்தா மட்டும் எங்க வீட்டுக்காரவுக என்னைய வேலைக்கு விட்டுருவாகளா? ஒன்னைய ஒங்கத்தை விட்ருமா? நம்ம என்ன இந்த வேலைய நம்பியா..."

அங்கே நிறுத்தினாள். வீரலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் தூக்குச்சட்டி மூடியைத் திறந்து மூடினாள். அப்போதுதான் அவர்கள் இருவருக்கும் தெரிந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்தில் மூவருக்கும் ஒரே மாதிரிக் கார்டாக இருந்தது. பிறகு கல்யாணமும் பிள்ளையும் வந்து இரண்டு கார்டுகள் வெறும் ஞாபகமாக ஆகிவிட்டன. ஒன்று மட்டும் கார்டாகவே இருந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு நாள் சந்திக்கிறவர்களுக்கு இது கண்ணில் படவில்லை. அவளும் சொன்னதில்லை.

"வீரு," என்றாள் பூமயில். "நீ காலையில போட்டிருக்கலாம்லடி. ஏன்டி போடல?"

"நீங்க எனக்காக நின்னீகல்ல," என்றாள் வீரலட்சுமி. பிறகு பூமயில் இன்னும் அழுவதைப் பார்த்து, "அழுகாதடி, பிள்ளை குடிக்கிற பாலு சூடாகிரும். அடுத்த பதிவுல வராமலா போகும்?" என்று அவளே தேற்றினாள். மூவரிலும் குரல் உடையாமல் இருந்தது அவளுக்குத்தான்.

வழக்கத்தை விடக்கூடாது என்று சர்பத் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நன்னாரியை ஊற்றி, எலுமிச்சையைப் பிழிந்து, ஐஸைத் தட்டிப் போட்டார். குல்சும் ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புத் தண்ணியில போட்டிருக்கான்" என்றாள். ராம்நாட்டில் கோடையில் எல்லாத் தண்ணீரும் உப்புத்தான். ஆறு மணிக்குத் தொண்டி பஸ்ஸும் ஆறேகாலுக்குப் பூமயில் ஊர் பஸ்ஸும் போயின. வீரலட்சுமி இரண்டுக்கும் கையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனாள். அய்யா களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துக் கொல்லைக்காரர் ராக்கப்பனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சீல் போட்டாச்சா தாயி?"

"போட்டாச்சுய்யா."

"எம்புட்டு வரைக்கும் வந்திருக்காம்?"

"எண்பத்திரண்டு வரைக்கும்."

அய்யா ராக்கப்பன் பக்கம் திரும்பினார். "கேட்டியா? அடுத்தது நம்ம பிள்ளைதான். வர்ற சித்திரைக்குள்ள வந்துரும்." ராக்கப்பன் தலையாட்டினார். கருகின மிளகாய்ச் செடிகளை ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வீரலட்சுமி தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை அவள் தனியாக வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவன் அந்த வருஷம் பிளஸ் டூ முடித்தவன். கார்டுக்கு எந்த இடத்தில் போட்டோ ஒட்ட வேண்டும் என்று அவளிடம் கேட்டான். போட்டோ வேண்டாம் என்று சொன்னாள். கிளார்க் அவளை அடையாளம் தெரிந்துகொண்டார். பழைய கார்டை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். புதிய கார்டில் எண் எழுதினார்: 4871. வயது என்ற இடத்தில் முப்பது. அடுத்த புதுப்பிப்பு, தொண்ணூற்றெட்டு ஜூலை.

"சார், இப்பப் பதிஞ்சா எப்ப வரும்?"

அவர் பேனாவை மூடினார். அவருக்குக் கணக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். "ரினீவலை மட்டும் விட்ராதம்மா," என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் கடை விலாசத்துக்குக் குல்சுமிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அவளும் பூமயிலும் புதிதாகப் பதியப்போவதில்லை என்று எழுதியிருந்தாள். 'நீ பதிஞ்சிருப்பே. அடுத்து எந்த மாசம்னு எழுது. எங்களுக்குக் கார்டு இல்லாட்டியும் ஒன் கூட வந்து நிக்கிறோம். நாங்க வாரதுக்குள்ள நீ போயிராத. சாப்பாடு இந்தத் தடவை பூராவும் நான் கொண்டாறேன். இன்ஷா அல்லா.'

வீரலட்சுமி அதை இரண்டு தடவை படித்தாள். அவர்கள் வருவார்கள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், அவள் வரட்டும் என்று மற்றவள் நிறுத்திவைப்பாள், இவளும் நிற்பாள். ஜூலை போய், ஆகஸ்ட் போய், சலுகை நாள் முடியும்வரை நிற்பாள். அவளுக்குத் தன்னை நன்றாகத் தெரியும்.

கடையில் பத்திர எழுத்தர் வெளியே போயிருந்தார். அவள் ஒரு புதுப் போஸ்ட் கார்டை மெஷினில் சொருகினாள். எல்லோரும் சௌக்கியமா, பிள்ளை குப்புற விழுகிறானா, அந்த மீன் குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது என்று பூமயில் மாமியாரிடம் சொல்லச் சொல், என்று அடித்தாள். கடைசி வரிக்கு முன்னால் கைப்பையிலிருந்த புதுக் கார்டை எடுத்து, ஜூலை என்று இருந்ததை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு, 'அடுத்தது தொண்ணூற்றெட்டு டிசம்பர்' என்று அடித்து, கார்டை உருவி, மதியத் தபாலுக்கு முன்னால் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, பாதியில் நின்ற கிரையப் பத்திரத்தைத் தொடர்ந்தாள்.